மாசி பிறந்த நேரம்

மாசி, ஒக்லண்ட், நியூசிலாந்து.
மாசி மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம்.

அன்புள்ள மகள் நிலானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம், டப்ளினில் உன் சுகத்தையும் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் சுகத்தையும் அறிய ஆவல். இந்த வரியை நாங்கள் சுகம் என்று தொடங்கித்தான் கை பழகியது, இப்போது நாங்கள் என்று எழுதினால் நானும் ஃபிரிட்ஜும் என்று அர்த்தம் வரும், அதனால் நான் என்றே வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம் அப்பா, தமிழில் கடிதமாக எழுதுங்கோ, எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போகும், அது நல்லது என்று நீ சொன்னபடியால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று நின்ற பிள்ளை நீ, அம்மா ஒரு கையால் உன்னையும் மறு கையால் டிஃபின் பெட்டியையும் இழுப்பா, நான் பின்னால் நின்று யாரும் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். அந்த இழுவையின் பலன்தான் இப்போது நீ வாசிக்கிற இந்தக் கடிதம். எப்படி இருக்கிறீங்கள் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறேன். நோவு இல்லை. தேத்தண்ணி குடித்தால் கடைவாயால் வழியும், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வேலைக்குப் போகிறேன், பெயின்ட் கலக்கிறேன், பகிடி விடுகிறேன். போன கிழமை ஒரு மனுசி கடைக்கு வந்து வெள்ளை நிறம் கேட்டா, வெள்ளையில் இருக்கிற அத்தனை வெள்ளையையும் எடுத்துக் காட்டினேன், கடைசியில் முதல் காட்டினதையே வாங்கிக்கொண்டு போனா. கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறதும் இப்படித்தான் என்று என்னோடு வேலை செய்கிற மேரேக்குச் சொன்னேன், அவ மேசையில் அடித்து அடித்துச் சிரித்தா. நானும் சிரித்தேன். சிரிக்கிற நரம்புக்கு மட்டும் ஊசி போடவில்லைப் போல.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் வீட்டுப் பிள்ளை ஒன்று பார்சலில் எங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டு மாசி என்றால் என்ன என்று கேட்டதாகவும், சம்பலுக்குப் போடுகிற மாசியும் அம்மாவின் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் முதல் வரியில் இருக்கிற மாசியும் நாங்கள் இருக்கிற மாசியும் ஒரே சொல்லா அப்பா என்றும் எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்றால் எனக்குப் பதில் தெரியாது என்று அர்த்தம். ஆனால் மனுசன் சும்மா இருக்கிற நேரம் கூடிப்போன காலம் இது, ஆகவே ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்க வெளிக்கிட்டேன். முதலில் எங்கள் ஊர். இது யாரோ ஒரு பழைய பிரதம மந்திரியின் பெயராம், அவருடைய பரம்பரைப் பெயர் பிரான்சுப் பக்கத்தில் ஒரு ஊரின் பெயராம், அந்த ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று அந்த ஊராருக்கே தெரியாதாம். இருபது வருசமாக வீட்டு மோட்கேஜ் கட்டுகிற மனுசனுக்கு இது இப்போதுதான் தெரிய வருகிறது. நாங்கள் இந்த வீட்டைப் பார்க்க வந்த நாளில் அம்மா பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, கருவாட்டின்ரை பேரிலை ஒரு ஊரோ, அப்ப வாங்குவம் என்று சொன்னா. அந்தக் காலத்தில் வீடு வாங்க அதைவிட மோசமான காரணங்களும் இருந்தன.

கருவாட்டு மாசி மாலைதீவுக்காரருடையது. அவர்களுடைய பேச்சில் மாஸ் என்றால் மீன், சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காயவைத்து விறகுக் கட்டையாக்கி எங்களுக்கு அனுப்பினார்கள், நாங்கள் சொல்லுக்கு ஒரு இகரத்தைப் போட்டு எங்களுடையதாக்கிவிட்டோம். மேரே சொல்லுகிறா, தங்கள் பீஜியில் மாசி என்றால் மரப்பட்டையை அடித்து அடித்துச் செய்கிற துணி, பிறப்புக்கும் கலியாணத்துக்கும் சாவுக்கும் அதுதான் முதல் மரியாதை என்று. உனக்கு நினைவிருக்காது, நீ ஸ்க்ரீனில்தான் பார்த்தாய், அம்மாவின் செத்தவீட்டுக்கு மேரே ஒரு பெரிய துணியை மடித்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தந்தா, மண்ணிறமும் கறுப்புமாகக் கோலம் போட்ட துணி. அதை உன் பெரியம்மா யோகராணி வாங்கி, நல்ல மேசைவிரிப்பு என்று சொல்லித் தேத்தண்ணி வைக்கிற மேசைக்கு விரித்துவிட்டா. மேரே அதைப் பார்த்துக்கொண்டு நின்றா, பிறகு அதன்மேலே இருந்தே தேத்தண்ணி எடுத்துக் குடித்தா. இப்போது விசாரிக்கப் போன இடத்தில்தான் எனக்கு விளங்கியது, மன்னிப்புக் கேட்டேன். மேரே சொன்னா, பரவாயில்லை பிரதாப், அது வந்த வேலைக்குத்தான் பாவிச்சது, அழுத சனம் எல்லாம் அதிலைதானே கையை வைச்சது என்று. பக்குரங்காவிலுள்ள பெரியம்மாவுக்கு இதை இன்னும் நான் சொல்லவில்லை, சொன்னால் மேரே வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்பா, அது இன்னொரு பெரிய உபத்திரவமாகப் போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமியையும் கேட்டேன், மதுரைப் பக்கத்து ஆட்கள், போன வருசம்தான் குடிவந்தார்கள், உனக்கு அறிமுகமில்லை. அவ சொன்னா, மாசின்னா மாசம் சார், அப்புறம் மாசிக்காய்னு ஒண்ணு இருக்கு, கொழந்தைக்கு நாக்குல மாவு படிஞ்சா ஒரசித் தடவுவோம், நீங்க அதெல்லாம் பண்ணமாட்டீங்களா என்று. அது ஏதோ ஒரு மரத்தில் பூச்சி கடித்து வீங்குகிற காயாம், பெயர் பாரசீகப் பக்கத்திலிருந்து உருண்டு உருண்டு வந்து மாசியில் நின்றதாம். அவவின் புருசன் உள்ளே இருந்து, ஆமா சார், குஜராத்திக்காரங்க அம்மாவோட அக்கா தங்கச்சிய மாசின்னுதான் கூப்பிடுவாங்க என்று இன்னொன்றை எறிந்தார். ஆக ஊர், மீன், துணி, காய், பெரியம்மா. ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, பந்தமில்லை, பெயர் மட்டும் ஒன்று. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் ஒரு குலசிங்கம், பொருளாளர் ஒரு குலசிங்கம், இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை, அதைப்போல.

மாதத்துக்குத்தான் ஐயரிடம் போனேன். கோயிலில் அன்று கூட்டம் இல்லை, அவர் மடைப்பள்ளிப் பக்கம் நின்று கடலை அவித்துக்கொண்டிருந்தார். மகம் என்ற நட்சத்திரத்தில் பூரணை வருகிற மாதம், அதனால் மாகம், அது தமிழில் மாசி என்றார். உங்கடை யாழ்ப்பாணத்து ஆக்கள் பெப்ரவரியையும் மாசி எண்டுவினம், அது வெள்ளைக்காரன்ரை மாசம், உண்மையான மாசி நடுவிலைதான் பிறக்கும், சூரியன் கும்பராசிக்குள்ளை காலடி வைக்கிற அந்தக் கணத்திலை என்றார். பிறகு கடலையைக் கிளறிக்கொண்டே, உங்கடை அவவும் மாசி பிறந்த அண்டைக்குத்தானே மோசம் போனவ என்றார். ஓம் என்றேன். எத்தினை மணிக்கு என்றார். பின்னேரம் நாலரை என்றேன். அகப்பையை வைத்துவிட்டு ஃபோனை எடுத்துத் தட்டினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்பவும் தட்டினார். மாசி பிறந்தது யாழ்ப்பாணத்து நேரம் பின்னேரம் மூண்டே முக்கால் சொச்சம், அப்ப எங்களுக்கு இரவு பதினொண்டு தாண்டும். நாலரைக்கு இங்கை தை மாசம் ஐயா, திதியும் நாங்கள் நினைச்ச பஞ்சமி இல்லை, சதுர்த்தி என்றார். நான் விளங்காத ஆளைப்போல நின்றேன். அவர் பொறுமையாக இன்னொருக்கால் சொன்னார், அம்மா செத்தது தையில், மாசியில் இல்லை. அப்ப தைச் சதுர்த்தி இந்த வருசம் எப்ப வருது ஐயா என்று கேட்டேன். அவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடலையைப் பார்த்தார். அது முடிஞ்சு போட்டுது, பெப்ரவரி முதல் சனிக்கிழமை என்றார்.

உனக்கு இந்தத் திதிக் கணக்கு விளங்காது என்று தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டைத் திவசம், அதுதான் வருசத் திவசம், பிறந்தநாள் மாதிரி இல்லை, இங்கிலீசுத் திகதிக்கு வராது. செத்த மாதம் எது, சந்திரன் வளர்பிறையில் எத்தனையாம் நாள், இரண்டும் சேர்ந்து அடுத்த வருசம் எப்போது வருகிறதோ அன்றுதான் செய்ய வேண்டும். மாதம் மாறினால் நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். நாங்கள் மாசிப் பஞ்சமி என்று நினைத்து மார்ச் முதல் கிழமைக்கு ஐயரைப் பிடித்தோம், நீயும் அதற்கு லீவு எடுத்து டிக்கெட் போட்டிருக்கிறாய். உண்மையான நாள் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து போய்விட்டது.

இது எப்படி நடந்தது என்று கேட்பாய். சாவு நடந்த மற்ற நாள் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணர், உன் சோதிலிங்கம் பெரியப்பா, ஃபோன் எடுத்து, எத்தினை மணிக்கடா என்று கேட்டார், நாலரை என்றேன், வேறெதுவும் கேட்கவில்லை, பஞ்சாங்கத்தை விரித்து நாலரைக்கு நேரே என்ன இருக்கிறதென்று பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். யாழ்ப்பாணத்து நாலரைக்கு மாசி பிறந்து முக்கால் மணித்தியாலம், பஞ்சமியும் தொடங்கிவிட்டது. அங்கே சரி. ஆனால் அம்மா செத்த அந்த நேரம் அங்கே காலமை ஒன்பது மணி, பெரியப்பா அப்போது பல்லு விளக்கிக்கொண்டு நின்றிருப்பார். முப்பத்தைந்து வருசம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ரயில் நேரத்தைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனுசன் இது, நீ சின்னதில் அவருடைய மணிக்கூட்டைத் தொட்டதற்கு அழ அழப் பேச்சு வாங்கினவள். முந்தாநாள் எடுத்து விசயத்தைச் சொன்னேன். லைனில் பஞ்சாங்கத்தை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், இப்ப என்னடா செய்யிறது, கல்வெட்டு அடிச்சாச்சு, வெண்பா எழுதியாச்சு, மாசி வளர்பிறைப் பஞ்சமியில் மாதரசி எண்டு முதலடி, அதிலை மாசியைத் தூக்கிப்போட்டுத் தை எண்டு வைச்சால் தளை தட்டும், மோனையும் போகும், அவள் மாசியிலை செத்தவளாகவே இருக்கட்டும் என்று. அம்மாவுக்கு இது கேட்டிருந்தால் சிரித்திருப்பா. பெரியப்பாவின் வெண்பாவில் தளை தட்டாமல் இருக்கிறதற்காக அவ ஏழரை மணித்தியாலம் பிந்திச் சாக வேண்டியதாகப் போய்விட்டது. ஃபோனை வைக்கிற நேரம், தம்பி, நான் ஒருக்கால் கேட்டிருக்கலாம், உங்கடை நேரமோ எங்கடை நேரமோ எண்டு, என்றார். வயது போன மனுசன், நான் பகிடியாக ஏதோ சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் என்ன செய்தேன் என்று இருந்து யோசித்தேன். யோசிக்கத் தேவையில்லை, அயலட்டை எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் நான் மாசிச் சம்பல் இடித்த நாள். கடையில் தூளாக வருகிற பைக்கெட்டை வாங்காமல் முழுக் கட்டையாக வாங்கிவிட்டேன், அம்மா அதைத்தான் வாங்குவா என்று ஒரு ஞாபகம். கத்தி ஏறவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த சுத்தியலை எடுத்து, கட்டையைப் பொலித்தீனில் சுற்றி, டிரைவ்வேயில் வைத்துக் குந்தியிருந்து அடித்தேன். பாக்யலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன சார், வெறகு ஒடைக்கிறீங்களா என்றா. இது மீன் என்றேன். நம்பவில்லை. ஒரு துண்டை எடுத்துக் காட்டினேன், சைவ மனுசி, மூன்றடி பின்னுக்குப் போனா, ஆனால் வீட்டுக்குள் போகாமல் அங்கேயே நின்று பார்த்தா. வெங்காயம் கருகி, செத்தல் மிளகாய் புகைந்து, ஸ்மோக் அலாரம் அடித்து, நான் துவாயால் விசிறி, எல்லாம் நடந்தது. கடைசியில் பாணுக்கு பட்டர் பூசி, சம்பலை வைத்து, குசினியில் நின்றபடியே சாப்பிட்டேன். உறைப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் புல்லு வெட்டினேன். ஆட்டைத் திவசத்தன்று மச்சம் தின்ற முதல் தமிழன் நான்தான் என்று பெரியம்மா சொல்லுகிறா. பாக்யலட்சுமி வேறு கட்சி, அவ சொன்னா, அம்மாவுக்குப் புடிச்சத நீங்களே அறியாம அன்னிக்குப் படைச்சிருக்கீங்க சார், அது தானா நடந்தது என்று, கண்ணும் கலங்கிவிட்டது. நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை மகள். அன்றைக்கு ஹாஃப் பிரைஸில் வெங்காயம் இருந்தது, அதனால் சம்பல் செய்தேன். ஏதாவது தோன்றினால் நல்லது என்று ஐயரிடமிருந்து திரும்பி வருகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பின்னால் ஒரு வேன்காரன் ஹோர்ன் அடித்தான், அது பஸ் நிற்கிற இடமாம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பெரியம்மா வீட்டில் கொடி பிடித்துவிட்டா. தவறின திவசத்தை அடுத்த அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் ஒரு வழி சொன்னார், சொல்லியிருக்கக் கூடாது, அதை அவ பிடித்துக்கொண்டா. அமாவாசை இந்த மாதக் கடைசியில் வருகிறது, நீ வந்து இறங்குவது அதற்குப் பிறகு. நேற்று எடுத்து, தம்பி, அமாவாசையிலை செய்து முடி, ஆத்மா காத்துக்கொண்டு நிக்குது, ஒருக்கால் பிழை விட்டாச்சு, தெரிஞ்சுகொண்டு இன்னொருக்கால் பிழையான நாளிலை செய்யப்போறியோ என்று கேட்டா. பிள்ளை அமாவாசைக்கு வர ஏலாது மச்சாள், அதுக்கு லீவு மாத்த விடமாட்டினம் என்றேன். அதுக்கு என்ன செய்யிறது, திவசம் ஆர் வருகினம் எண்டு பாத்தோ வாறது என்றா. அவ கெட்ட மனுசி இல்லை, உனக்குத் தெரியும். அம்மாவின் கடைசி மாதங்களில் பக்குரங்காவிலிருந்து இந்த டிராஃபிக்கில் தினமும் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவ, தங்கச்சிக்குச் செய்ய இனி அவவுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு நாள்தான், அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறா. பிறகு அவ குரலைத் தாழ்த்தி, நிலானிக்கு இதை எழுதிப்போடாதை, பிள்ளை ஒரு முறை தவறவிட்டது, இதுவும் போச்சுதெண்டு தெரிஞ்சால் மனசு விட்டுப்போடும், மாசி எண்டே இருக்கட்டும், அவள் வரேக்கை இன்னொரு சின்னப் பூசை வைச்சு இதுதான் திவசம் எண்டு சொல்லுவம் என்றா.

இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். அவ சொன்னதில் பிழை இல்லை. போன வருசம் உன்னுடைய பாஸ்போர்ட் அங்கே விசாக் கந்தோரில் கிடந்தது, நீ வெளிக்கிட ஏலாமல் அந்தச் சின்ன ஸ்க்ரீனுக்கு முன்னால் இருந்தாய், அம்மாவைத் தூக்குகிற நேரம் பார்த்து இன்டர்நெட் நின்றது, பிறகு வந்தபோது வெறும் மண்டபம்தான் தெரிந்தது என்று நீ சொன்னாய். நீ அதைச் சொன்னது ஒரே ஒரு முறைதான், பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, நீ டிக்கெட் போட்ட நாள் அந்த நாள் இல்லை என்று எப்படி எழுதுகிறது. எழுதாமல் விட்டால் நீ வருவாய், ஒன்றும் தெரியாமல் பிண்டத்துக்குத் தண்ணி தெளிப்பாய், சுகமாகத் திரும்பிப் போவாய். எழுதினால், நீ கணக்குப் போடுகிற பிள்ளை, அப்ப இந்த முறை வந்து என்ன அப்பா, வருசக் கடைசியில் நல்ல லீவோடு வாறன் என்று சொல்லக்கூடும். சொன்னால் நான் ஓம் என்றுதான் சொல்வேன். உனக்குத் தெரியும், நான் எதற்கும் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு பகிடி விடுகிற ஆள். அதுதான் பயம், மகள். திவசம் தவறியதில் எனக்கு ஒரு பயமும் இல்லை, அதற்கு ஐயர் இருக்கிறார், அமாவாசை இருக்கிறது. நீ வராமல் விட்டுவிடுவாயோ என்றுதான் பயம்.

ஆனாலும் எழுதிவிட்டேன். நீ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கப் போகிற கடிதத்தில் பொய்யை வைத்து அனுப்ப மனம் வரவில்லை. பெரியம்மாவுக்கும் இன்று காலமை எடுத்துச் சொல்லிவிட்டேன், அமாவாசை வேண்டாம், மார்ச்சிலை போட்ட நாளிலேயே செய்வம், பிழையான நாளெண்டு தெரிஞ்சுதான் செய்யிறன், பிள்ளைக்கும் எழுதியாச்சு என்று. அவ ஃபோனை வைத்துவிட்டா. பத்து நிமிசத்தில் திரும்ப எடுத்து, வடைக்கு உளுந்து எவ்வளவு போடுறது எண்டாவது உனக்குத் தெரியுமோ என்று கேட்டா. தெரியாது என்றேன். ஒண்டும் தெரியாது, ஆனால் நாள் மட்டும் குறிப்பாய் என்று சொல்லிவிட்டு, முதல் நாளே வந்து எல்லாவற்றையும் நனையப் போடுகிறேன் என்றா. அழுதுகொண்டுதான் சொன்னா. ஐயருக்குச் சம்மதம், அவர் சொன்னார், திதி தவறலாம், செய்யிற ஆள் தவறக் கூடாது என்று, அது சாத்திரத்தில் இருக்கிறதோ அந்த நேரம் அவர் கட்டிவிட்டதோ தெரியாது, நான் விசாரிக்கவில்லை.

ஆகவே, மகள், நேராகவே கேட்கிறேன், இதில் பகிடி ஒன்றும் இல்லை. திவசத்துக்கென்று வர வேண்டாம். வா. வந்து இரண்டு கிழமை இந்த வீட்டில் இரு. அம்மாவின் அறைக்கதவு சாத்தியபடி இருக்கிறது, நான் திறக்கவில்லை, திறக்காததற்கு ஒரு காரணமும் இல்லை, அந்தப் பக்கம் எனக்கு வேலை வரவில்லை. சீலைகளை என்ன செய்வது என்று பெரியம்மா கேட்கிறா, பதில் சொல்ல எனக்கு ஏலாது, நீ வந்து பார்த்துச் சொல்லு. நீ அழுதால் நான் பக்கத்தில் நிற்பேன். எனக்கு அழுகை வந்தால் நீ நில். வராவிட்டாலும் குறை நினையாதே, அது எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்கு அந்தத் தடித்த ஜாக்கெட்டைப் போடு, அது வடிவில்லை என்று கழற்றி வைக்காதே. வேலையிடத்தில் யாரோடும் கொளுவிச் சண்டை பிடிக்க வேண்டாம். இங்கே வருகிறபோது சாப்பாட்டுச் சாமான் எதைக் கொண்டுவந்தாலும் கஸ்டம்ஸ் அட்டையில் எழுதிக் காட்டு, ஒளிக்காதே, எயர்போட்டில் மோப்பம் பிடிக்கிற அந்த நாய்க்கு உன்னைவிட மூக்குக் கூர்மை. முருகன் உன்னைச் சுகத்தோடும் நிம்மதியோடும் வைத்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

இன்னொன்று, மறந்துபோய்விடாதே. முந்தி நீ வருகிறபோதெல்லாம் அம்மாதான் எயர்போட்டுக்குள்ளே வந்து தூணடியில் நிற்பா, நான் பார்க்கிங்குக்குக் காசு கட்ட மனமில்லாமல் காரை வெளியே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பேன், நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து என்னைப் பிடிப்பீர்கள். இந்த முறை காரைப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு உள்ளே வருகிறேன். கதவு திறந்ததும் பழக்கதோசத்தில் அந்தத் தூணடியைத்தான் பார்ப்பாய். பார். நான் அங்கேதான் நிற்பேன்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
பிரதாபன்